மலைவீட்டின் வரவும் செலவும்



கொடைக்கானலுக்குச் செல்வோர் ஏரியைப் பார்ப்பர், தூண்பாறையைப் பார்ப்பர், குறிஞ்சியாண்டவர் கோயிலில் நின்று கீழே பழனியைத் தேடுவர். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், அவ்வூரின் மேட்டு நிலம் ஒன்றில் அமைந்துள்ள சூரிய ஆய்வுக்கூடத்தை எட்டிப் பார்ப்போர் சிலரே. ஆயினும் உலகின் அறிவியலார் பலருக்குக் கொடைக்கானல் என்றவுடன் நினைவுக்கு வருவது அந்த ஆய்வுக்கூடந்தான்.

அது பிறந்த கதை ஒரு பஞ்சத்தோடு தொடர்புடையது. 1876 முதல் 1878 வரை தமிழ்நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி உங்கள் பாட்டனார்கள் தம் பாட்டனார்களிடம் கேட்டிருப்பர். மழை ஏன் பொய்த்தது என்ற கேள்வி அப்போது எழுந்தது. கதிரவனின் முகத்தில் தோன்றி மறையும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டோ என்று அறிஞர் சிலர் ஐயுற்றனர். கதிரவனை நாள்தோறும் தவறாமல் நோக்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. பழனிமலையும் நீலகிரியும் ஆராயப்பட்டு, கொடைக்கானல் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1901ஆம் ஆண்டில் அங்கு நோக்குதல் தொடங்கியது. 1909இல் ஜான் எவர்ஷெட் என்னும் அறிஞர், கரும்புள்ளிகளின் ஓரத்தில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை அங்கிருந்தே கண்டுபிடித்தார். அவ்வியக்கம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கதிரவனைக் கணக்கெடுத்து வரும் அம்மலையில், இன்று வேறொரு கணக்கும் நடைபெறுகிறது. மின்வாரியத்தின் கம்பி எட்டாத சில வீடுகளில், கூரைமேல் பதித்த கண்ணாடித் தகடுகள் பகலில் வெயிலை மின்சாரமாக மாற்றுகின்றன. அம்மின்சாரத்தை மின்கலத்தில் சேர்த்து வைத்து, இரவில் விளக்கேற்றுகின்றனர். இங்ஙனம் வாழ்வது எளிதா? எவ்வளவு வெயில் இருந்தால் எத்தனை விளக்கு எரியும்? எங்கே தவறு நேர்கிறது? இவற்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில், கம்பி ஏன் எட்டுவதில்லை என்பதைக் காண்போம். சமவெளியில் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் கம்பி இழுப்பது பெரிய காரியமன்று. மலையிலோ, பள்ளத்தாக்கைத் தாண்ட வேண்டும். பாறையைத் துளைத்துக் கம்பம் நட வேண்டும். காட்டின் வழியே செல்வதானால் வனத்துறையின் இசைவும் பெற வேண்டும். பழனிமலையின் ஒரு பகுதி 2013ஆம் ஆண்டில் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தாழ்ந்து தொங்கும் மின்கம்பி யானைக்கும் காட்டுமாட்டுக்கும் எமனாக முடியும். கொடைக்கானலிலிருந்து பெரியகுளத்திற்கு இறங்கும் பழைய மலைப்பாதையில் வெள்ளகவி என்றொரு சிற்றூர் உண்டு. மோட்டார் சாலை எட்டாமல், நெடுங்காலம் நடைபாதையை மட்டுமே நம்பி வாழ்ந்த ஊர் அது. அரிசி மூட்டையே தலைச்சுமையாகவும் குதிரைமேலும் செல்ல வேண்டிய இடத்திற்கு மின்கம்பம் செல்வது எத்துணை அருமை என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

கம்பி எட்டிய இடத்திலும் அது என்றும் நிலைப்பதில்லை. 2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யத்திற்கு அருகில் கரை கடந்த கஜா புயல், திண்டுக்கல் மாவட்டத்தின் வழியாகவும் சென்றது. அப்போது கொடைக்கானல் மலையில் மரங்கள் வேரோடு சாய்ந்தன, பாதைகள் அடைபட்டன, மின்சாரம் நின்றது. இத்தகைய நாள்களில், தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் வீட்டின் அருமை விளங்கும்.

வெயில் எங்ஙனம் மின்சாரமாகிறது? ஒளி பட்டால் சில பொருள்களில் மின்னோட்டம் எழுவதை 1839ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டு பெக்கரல் கண்டார். ஒளி சிறுசிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது என்று 1905இல் ஐன்ஸ்டீன் விளக்கினார். ஆயினும் பயன்படத்தக்க சிலிக்கன் மின்கலம் 1954ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. அதன்மேல் விழுந்த வெயிலில் நூற்றுக்கு ஆறு பங்குதான் மின்சாரமாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1958இல், வான்கார்டு என்னும் சிறு செயற்கைக்கோள் அத்தகைய கலங்களைத் தாங்கி விண்ணுக்குச் சென்றது. பாட்டரியால் இயங்கிய அதன் வானொலிக் கருவி சில வாரங்களில் ஓய்ந்துவிட்டது; கதிரவனால் இயங்கிய கருவியோ 1964 வரை குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. கம்பி எட்டாத வீடுகளுக்கெல்லாம் முன்னோடி அந்தச் செயற்கைக்கோள் என்றே சொல்லலாம்.

சிலிக்கன் என்பது மணலிலிருந்து பிரித்தெடுக்கும் தனிமம். அதில் ஒரு பக்கம் சிறிது பாஸ்பரசும் மறுபக்கம் சிறிது போரானும் கலந்தால், இரண்டும் கூடும் எல்லையில் ஒரு சரிவு உண்டாகிறது. ஒளி விழும்போது விடுபடும் எலெக்ட்ரான்கள், மலைச்சரிவில் மழைநீர் ஒரு பக்கமாகவே ஓடுவதுபோல, அச்சரிவில் ஒரு திசையில் ஓடுகின்றன. அந்த ஓட்டமே மின்சாரம். இதில் தேய்வதற்குச் சக்கரம் இல்லை. எரிப்பதற்கு எண்ணெய் இல்லை. ஆகவே ஒரு தகடு இருபத்தைந்து ஆண்டுகள் உழைப்பது அரிதன்று.

இனி, கணக்குக்கு வருவோம். தெளிந்த வானில், நண்பகலில், ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. இன்றைய தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 200 வாட்டை, மின்சாரமாக்கித் தரும். ஆனால் நாள் முழுவதும் நண்பகலாக இருப்பதில்லை. காலை வெயில், மாலை வெயில் அனைத்தையும் கூட்டிப் பார்த்தால், தமிழ்நாட்டில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஐந்து மணி நேர நண்பகல் வெயிலுக்கு ஈடாகிறது. 200 வாட் தகடு ஐந்து மணி நேரம் உழைத்தால் 1,000 வாட்-மணி. மின்வாரியம் நமக்கு ஒரு யூனிட் என்று கணக்கெழுதுவது இதைத்தான்.

மலையின் குளிர் இதற்கு உதவியா, தடையா என்று நீங்கள் கேட்கலாம். தகட்டுக்கு வேண்டியது ஒளிதான், வெப்பமன்று. வெப்பம் மிகுந்தால் அதன் திறன் குறையும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகை சென்டிகிரேடுக்கும் நூற்றில் அரைப் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் திறன் சரிகிறது. மதுரையில் மொட்டைமாடித் தகடு வெயிலில் கொதிக்கும்போது, கொடைக்கானல் தகடு குளிர்காற்றில் நன்றாக வேலை செய்யும். இது மலைக்கு உள்ள சலுகை.

ஆனால் மலைக்கு ஒரு குறையும் உண்டு. அது மூடுபனியும் முகிலும். தென்மேற்குப் பருவத்திலும் மழை. வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர், நவம்பர் மாதங்களில், அதனினும் மிகுதியான மழை. சில நாள்களில் பிற்பகல் இரண்டு மணிக்கே பள்ளத்தாக்கிலிருந்து முகில் எழுந்து வீட்டு வாயிலை மூடிவிடும். இங்கே ஆய்வுக்கூடத்தின் நோக்குதலை நினைவு கூர்வோம். கதிரவனின் கரும்புள்ளிகள் ஏறத்தாழ பதினோர் ஆண்டுகளுக்கு ஒரு முறை பெருகிக் குறைகின்றன. ஆனால் அச்சுழற்சியில் கதிரவன் வெளியிடும் மொத்த ஆற்றல் மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்கே. கொடுப்பவன் கை சுருங்குவதில்லை. இடையில் நிற்கும் முகில்தான் தடுத்துவிடுகிறது. ஆகையால் மலைவீட்டார் அளந்து அறிய வேண்டியது கதிரவனை அன்று. தம் ஊரின் மழைமாதங்களையே.

கூக்கால், மன்னவனூர்ப் பக்கம் கம்பி எட்டாத ஒரு சிறு வீடு இருப்பதாகக் கொள்வோம். அவ்வீட்டின் செலவுப் பட்டியலை எழுதுவோம். ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, மாலை நான்கு மணி நேரம் எரிந்தால் 144 வாட்-மணி. கைப்பேசி இரண்டுக்கு 30. வானொலிப் பெட்டிக்கு 20. நாற்பது வாட் தொலைக்காட்சி இரண்டரை மணி நேரத்திற்கு 100. சட்னி அரைக்க 500 வாட் மிக்சி, பன்னிரண்டு நிமிடத்திற்கு 100. கூட்டினால் ஏறத்தாழ 400 வாட்-மணி. இது ஒரு யூனிட்டில் பாதிகூட இல்லை!

வழியில் கம்பியிலும் மின்கலத்திலும் நாலில் ஒரு பங்கு வீணாகும். ஆகவே தகட்டிலிருந்து 530 வாட்-மணி வர வேண்டும். மழைமாதத்தில் ஐந்து மணி நேர வெயிலை எதிர்பார்த்தல் பேதைமை. மூன்று மணி என்று வைத்துக்கொள்வோம். 530ஐ மூன்றால் வகுத்தால் 177. எனவே ஒரு சதுர மீட்டர் அளவுள்ள, 200 வாட் தகடு ஒன்று போதும். அடுத்து மின்கலம். இரண்டு நாள் வெயிலே இல்லாவிட்டாலும் வீடு இருளக் கூடாது என்றால் 800 வாட்-மணி சேமிப்பு வேண்டும். ஈய-அமில மின்கலத்தைப் பாதிக்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் குன்றும். ஆகவே 1,600 வாட்-மணி கொள்ளளவு வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்று இதற்குப் பொருந்தும். தகட்டுக்கும் மின்கலத்துக்கும் இடையே, அளவு மீறி மின்சாரம் ஏறாமலும் அளவு மீறி வடியாமலும் காக்கும் சிறு கருவி ஒன்றையும் பொருத்த வேண்டும்.

ஐந்தாம் வகுப்புக் கணக்கு அறிந்தவரும் இதைப் போட்டுவிடலாம். ஆனால் இக்கணக்கைப் போடாமல் தொடங்கியே பலரும் ஏமாறுகின்றனர். குளிர்ப்பிரதேசமாயிற்றே என்று ஒருவர் வெந்நீருக்கு 2,000 வாட் கீசரை மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் அது உண்பது 1,000 வாட்-மணி. நாம் மேலே கண்ட வீடு முழுவதும் இரண்டு நாள்களில் செலவிடுவதைக் காட்டிலும் அது அதிகம்! மின்சாரத்தைக் கொண்டு ஒளி உண்டாக்குவதும், ஒலி கேட்பதும் சிறு செலவு. வெப்பம் உண்டாக்குவது பெருஞ்செலவு. விரலுக்கேற்ற வீக்கம் என்னும் பழமொழி இங்கு முற்றிலும் பொருந்தும்.

அப்படியானால் மலைவீட்டார் குளிர்ந்த நீரில்தான் குளிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. வெயிலை மின்சாரமாக்கி, மின்சாரத்தை மீண்டும் வெப்பமாக்குவது சுற்றுவழி. வெயிலைக் கொண்டு நேரே நீரைக் காய்ச்சுவது குறுக்குவழி. 100 லிட்டர் நீரை 15 பாகையிலிருந்து 45 பாகைக்குச் சூடாக்க மூன்றரை யூனிட் ஆற்றல் தேவை. கூரைமேல் வைக்கும் சூரிய வெந்நீர்க் கருவி, இரண்டு சதுர மீட்டர் பரப்பில், நல்ல வெயில் நாளில் இவ்வளவையும் தந்துவிடும். இதனால் விறகுச் செலவு குறையும். பழனிமலையின் சோலைக்காடுகளே மழைநீரை வாங்கி, சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகின்றன. வீட்டு அடுப்பில் மிச்சப்படும் ஒவ்வொரு சுமை விறகும் அந்த ஓடைக்குச் செய்யும் உதவியாகும்.

கணக்கில் எழுதப்படாத கள்ளச் செலவுகளும் உண்டு. மின்கலத்தின் மின்சாரத்தைச் சாதாரண வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வர்ட்டர், வேலை ஏதும் இல்லாதபோதும் பத்து வாட் அளவுக்கு உண்டுகொண்டிருக்கலாம். நாள் முழுவதும் அதை முடுக்கி வைத்தால் 240 வாட்-மணி போய்விடும்! நான்கு விளக்குகள் எரிவதைவிட இது அதிகம். ஆகவே விளக்குகளை மின்கலத்தோடு நேரே இணைத்துவிட்டு, மிக்சிக்கும் தொலைக்காட்சிக்கும் மட்டும் இன்வர்ட்டரை முடுக்குவது அறிவுடைமை. அடுத்த கள்ளன் நிழல். தகட்டில் உள்ள கலங்கள் ஒன்றோடொன்று தொடராகக் கோக்கப்பட்டவை. வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் முழு ஓட்டமும் குறைவதுபோல, ஒரு மூலையில் யூக்கலிப்டஸ் கிளையின் நிழல் விழுந்தாலும் பெரும்பங்கு இழப்பு நேரலாம்.

தகட்டை எப்பக்கம் சாய்ப்பது? கொடைக்கானல் வடக்கே சுமார் 10 பாகை அட்சரேகையில் உள்ளது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகல் ஞாயிறு அங்கே நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாயும். எஞ்சிய மாதங்களில் தெற்கே தாழும். மழையும் பனியும் மிகுந்து வெயில் அருமையாகும் காலத்தில் ஞாயிறு தெற்கே இருப்பதால், தகட்டைத் தெற்கு நோக்கி 15 பாகை அளவு சாய்த்தல் நலம். சாய்வாக இருந்தால் மழையே அதைக் கழுவிவிடும்.

இதுவரை கூறியவை எல்லாம் முதல் ஆண்டைப் பற்றியவை. உண்மையான சோதனை ஐந்தாம் ஆண்டில் வருகிறது. தகடு இருபத்தைந்து ஆண்டுகள் வாழும் என்றேன். ஈய-அமில மின்கலமோ ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தால் நல்ல ஆயுள். வாலை வடித்த நீரை அவ்வப்போது ஊற்றாவிட்டால் அதுவும் இல்லை. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் ஐந்து சூரிய மின்விளக்குகள் அமைக்கப்பட்டன. இத்தகைய திட்டங்கள் எங்கு நடைபெற்றாலும், விளக்கு ஏற்றும் நாளில் விழா நடக்கும். மின்கலம் ஓய்ந்த நாளில் அதை மாற்றப் பணம் யாரிடம் உள்ளது, பழுது பார்க்கத் தெரிந்தவர் யார் என்ற கேள்விகளுக்கு விடை இருந்தால்தான் வெளிச்சம் தொடரும். விடை இல்லாத இடங்களில் கூரைமேல் நல்ல தகடு பளபளக்க, கீழே வீடு மீண்டும் மண்ணெண்ணெய் விளக்கைத் தேடும்.

வங்காள தேசத்தில் 2003ஆம் ஆண்டு முதல் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சூரிய மின்சாரம் பெற்றன. அங்கே மக்கள் கருவியை இனாமாகப் பெறவில்லை, தவணைமுறையில் வாங்கினர். தவணை வாங்க வருபவரே கருவியையும் சோதித்தார். உள்ளூர் இளைஞர்கள் பழுது பார்க்கப் பயிற்சி பெற்றனர். பிற்காலத்தில் கம்பி மின்சாரம் வந்து சேர்ந்ததும் அவ்வீடுகள் பலவும் அதற்கு மாறின. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கம்பி வராத ஆண்டுகளில் பிள்ளைகள் படித்த படிப்பு வீணாகிவிடவில்லை அல்லவா?

ஓய்ந்த மின்கலத்தை என் செய்வது என்பதும் மலைக்கு முக்கியமான கேள்வி. அதனுள் ஈயமும் கந்தக அமிலமும் உள்ளன. மேட்டில் கொட்டிய நஞ்சு மேட்டிலேயே நில்லாது. 2001ஆம் ஆண்டில் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்றின் பாதரசக் கழிவால் கொடைக்கானல் பட்ட துன்பத்தைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அம்மலையின் ஓடைகள் வைகையை நோக்கி இறங்குகின்றன. கீழே பல ஊர்கள் குடிக்கின்றன. பழைய மின்கலத்தை விற்றவரே திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வகைசெய்யும் விதிகள் நம் நாட்டில் 2001 முதல் உள்ளன. 2022இல் அவை புதுப்பிக்கப்பட்டன. புதிய மின்கலம் வாங்கும் நாளில் பழையதைக் கீழே கொண்டுபோய் ஒப்படைப்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்தெழுத வேண்டும்.

இவ்வளவையும் கேட்டபின், கம்பி மின்சாரம் உள்ளவர்களும் அதைத் துண்டித்துக்கொள்ள வேண்டுமா என்று ஒருவர் கேட்கக் கூடும். வேண்டுவதில்லை என்பதே என் கருத்து. கம்பி வந்துள்ள வீட்டில், கூரைத் தகட்டை அக்கம்பியோடு இணைத்து, மிஞ்சுவதைக் கொடுத்து, குறைவதை வாங்கிக்கொள்ளலாம். மின்கலச் செலவு மிச்சம். 2024ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய திட்டம் இதற்கே மானியம் அளிக்கிறது. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். மின்கலம் இன்றிக் கம்பியோடு இணைந்த தகடு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். அறுந்த கம்பியைத் தொட்டுப் பழுது பார்க்கும் ஊழியர் உயிருக்கு ஆபத்து நேரக் கூடாது என்பதற்காகவே அங்ஙனம் அமைத்துள்ளனர். புயல் நாளில் வெளிச்சம் வேண்டுவோர் சிறு மின்கலம் ஒன்றையும் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னார்கள். கம்பியில் வரும் மின்சாரம் நமக்கு ஆறு போலத் தோன்றுவதால் நாம் அளப்பதில்லை. மலைவீட்டார் அளக்கின்றனர். மழை இறங்கும் நாளில் அவ்வீட்டுத் தாய், "தம்பி, இன்று தொலைக்காட்சி வேண்டாம், நாளைக்கு உனக்குப் பரீட்சை, விளக்குக்கு மிச்சம் வை" என்று சொல்வாள். அவள் படித்திராத பௌதிகம் அதில் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இன்றிரவு நீங்களும் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு கருவியின் பின்புறத்திலும் எத்தனை வாட் என்று அச்சிட்டிருக்கும். எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பெருக்கி எழுதிக் கூட்டிப் பாருங்கள். பிறகு, ஒரு சதுர மீட்டர் தகடும் ஒரு மின்கலமும் மட்டுமே உங்களுக்கு உண்டு என்று எண்ணிக்கொண்டு, எதை வைத்துக்கொள்வீர்கள், எதை விட்டுவிடுவீர்கள் என்று குறியுங்கள். அந்தத் தாளை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். வகுப்பில் நல்ல விவாதம் நடக்கும்.